ப்ராடக்ட் ஐடியா உட்கார்ந்து யோசித்தால் வருமா, தற்செயலாகத்தான் வருமா?

உட்கார்ந்து யோசித்து எனக்கு இதுவரை உருப்படியாக ஒன்றும் வந்ததில்லை. நீங்கள் கேட்பதைப் பார்த்தால் யாரோ உங்களை 'புதுசா ஏதாவது சொல்லுங்க' என்று அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் டெஃப்லான் வந்த கதையைத் தற்செயல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1938-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்பதன வாயுக்களுக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தபோது சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. தீர்ந்துபோச்சு என்று விட்டிருக்கலாம். எடை போட்டார், கனம் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழவென்று வெள்ளைத் தூள். வாயு வராதது தற்செயல், சரி. வேலை மெனக்கெட்டு சிலிண்டரை அறுத்தது?

நான் ஒரு டெலிவரி ஆப்பில் இருந்தேன். முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது என்று புகார், அதைப் பார்க்க டேட்டாவைத் திறந்தால் 'லேண்ட்மார்க்' என்ற கட்டத்தில் 'பெல் அடிக்காதீங்க, குழந்தை தூங்குது', 'நாய் குரைக்கும், கடிக்காது', 'மேல் வீட்டில் கொடுத்துடாதீங்க' என்று இருக்கிறது. புகாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் சுவாரசியம் தாங்காமல் அன்று சாயங்காலம் வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன். டெலிவரி செய்பவருக்குத் தனியாக ஒரு குறிப்புக் கட்டம் கொடுக்கலாமே என்று தோன்றியது அப்படித்தான். இது என்ன பெரிய கண்டுபிடிப்பா, எல்லா ஆப்பிலும் இருக்கிறதே என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும். எங்கள் ஆப்பில் அதுவரை இல்லை, அவ்வளவுதான். இப்படி நோண்டி ஒன்றும் கிடைக்காமல் போன நாட்கள்தான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். மேலாளர் அந்தக் கட்டத்தை 'ஐடியா பட்டறையின் வெற்றி' என்று ஸ்லைடில் போட்டார், கூடவே சுவர் நிறைய மஞ்சள் சீட்டு ஒட்டிய போட்டோ. போஸ்ட்-இட் என்கிற அந்த மஞ்சள் சீட்டே பட்டறையில் பிறந்ததில்லை. த்ரீஎம் (3M) நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்பவர் பலமான பசை செய்யப் போய் 1968-இல் கிடைத்தது சும்மா ஒட்டிப் பிரியும் பசை. அதை என்ன செய்வதென்று வருஷக்கணக்கில் யாருக்கும் புரியவில்லை. பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருந்ததால் அதே நிறுவனத்து ஆர்ட் ஃப்ரை 1974-இல் அந்தப் பசையை நினைத்தார். கடைகளுக்குப் பரவலாக வந்தது 1980-இல்தான். இதையெல்லாம் யார் அந்த மேலாளரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பட்டறை நடந்த அன்று நான் லீவு வேறு.