டூரிசமும் டெக்னாலஜியும்: மகளை நம்பி அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. குன்னூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறீர்கள். மகள் பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் குரூப். டூரிசத்தை டெக்னாலஜியோடு சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்கிறாள். "கடைசியில் ஹோட்டல் வரவேற்பில் நிற்கத்தானே இந்தப் படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தைரியமாகப் படிக்க அனுப்புங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் பி.பி.ஏ. டூரிசத்தில் சேர்த்துவிட வேண்டாம்.

இந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று பார்க்க, உங்கள் தொழிலைத் தொட்ட இ-பாஸையே எடுத்துக்கொள்வோம். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி அது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 அன்று நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அப்போது வரம்பு கிடையாது. எத்தனை வண்டி மலையேறுகிறது என்று கணக்கெடுப்பதுதான் நோக்கம். 2025 ஏப்ரலில் கோடை சீசனுக்கு வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வணிகர்கள் எதிர்த்துக் கடையடைப்பு செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு சீசனை நம்பிப் பிழைப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மே மாதத்தில் அந்தச் சாலைகளும் தண்ணீர்க் குழாய்களும் திணறுவதும் உண்மை.

மலையடிவாரத்தில் கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வது, கூட்டத்தைச் சமாளிக்கும் வேலையின் சின்னப் பகுதிதான். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்ற எண்ணை எப்படி முடிவு செய்வது? இதை ஆராயும் பொறுப்பை ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூருவிடமும் கொடுத்தார்கள். சாலையின் அகலம், பார்க்கிங் இடம், தங்கும் அறைகள், ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலியில் இருக்கும் நீர், அன்றாடம் சேரும் குப்பை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். அதோடும் முடியாது. மலையேறிய வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாவரவியல் பூங்கா வாசலில் நின்றால், சாவடியில் வைத்த வரம்பால் பெரிய பயனில்லை. முந்தைய நாட்களின் கணக்கைப் பார்த்து, "காலையில் கோத்தகிரி பக்கம் போங்கள், பூங்காவுக்கு மதியத்துக்குமேல் வாங்கள்" என்று டிரைவரின் போனுக்கே தகவல் அனுப்ப ஆள் வேண்டும். உங்கள் மகள் செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.

வெனிஸ் நகரம் 2024இல் பகல்பொழுது வந்து திரும்பும் பயணிகளிடம், கூட்டம் மிகுந்த சில நாட்களில் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. ஆன்லைனில் கட்டி க்யூஆர் கோடு வாங்க வேண்டும். மொபைல் போன் தரவிலிருந்து கூட்டத்தைக் கணிக்கும் கட்டுப்பாட்டு அறையும் அங்கே உண்டு. அப்படியும் கூட்டம் குறையவில்லை என்று ஊர்க்காரர்களே குறை சொன்னார்கள். நம் பக்கத்தில் எனக்குப் பிடித்தது 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசின் மலையேற்றத் திட்டம். 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. அப்புறம் 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கினார்கள். யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் போகிறார்கள் என்று வனத்துறைக்கு முன்கூட்டியே தெரிகிறது. கூடவே அந்தக் காட்டையே அறிந்த பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் கிடைக்கிறது. டெக்னாலஜி உள்ளூர்க்காரருக்குச் சோறு போட வேண்டும். இதை உங்கள் மகள் மறக்கவே கூடாது.

சரி, படிப்புக்கு வருவோம். இளங்கலையில் எந்தத் துறைக்கும் உதவும் ஒரு திறமையைக் கற்றுக்கொள்ளட்டும். கட் ஆஃப் இருந்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (வரைபடத்தையும் இடம் சார்ந்த தரவையும் கணினியில் கையாளும் படிப்பு) முதல் தேர்வு. இல்லையென்றால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் அல்லது புள்ளியியல், செலவும் குறைவு. டூரிசத்தை முதுகலையில் படிக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்திலும், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஐஐடிடிஎம் நிறுவனத்தின் நெல்லூர் வளாகத்திலும் எம்.பி.ஏ. இருக்கிறது. 2020இல் கொரோனா வந்து வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றதை நீங்கள் பார்த்தவர். சுற்றுலா முடங்கினாலும் வரைபடமும் புள்ளிவிவரமும் தெரிந்தவளுக்கு வேளாண்மை, நகரத் திட்டம், பேரிடர் மேலாண்மை என்று வேறு வாசல்கள் உண்டு.

இந்த விடுமுறையிலேயே செலவில்லாமல் தொடங்கலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வுப் பயிற்சி நிறுவனமான ஐஐஆர்எஸ் இலவச ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது. நீங்கள் தினமும் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நெரிசலில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். அவள் அதை எக்செலில் ஏற்றி வரைபடத்தில் போடட்டும். ஒரு சீசன் முழுக்கச் செய்தால் அதுவே நேர்முகத் தேர்வில் காட்டக்கூடிய வேலை. இதில் அவளுக்கு அலுப்புத் தட்டினால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அரசில் 'டூரிசம் டெக்னாலஜி' என்ற பெயரில் நிரந்தரப் பதவிகள் நிறைய இருக்கின்றன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்ப வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில், அல்லது மேப்பிங் கம்பெனியில், ஹோட்டல் குழுமத்தின் முன்பதிவுப் பிரிவில் இருக்கும். 'ஏஐ டூரிசம்' என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் கேட்கும் டிப்ளமோக்களுக்குக் கல்விக் கடன் வாங்கிவிடாதீர்கள். எந்த மென்பொருள் கற்றுத்தருகிறார்கள், யார் பாடம் எடுக்கிறார்கள், போன வருஷம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மாணவர்களில் இரண்டு பேரிடமாவது உங்கள் மகளைப் பேச வைத்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.