வேலனுக்குப் பால் கொடுக்கலாமா?

பிரிஸ்பேன் புறநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் மரப்பட்டைக் குவியலை நகர்த்தும்போது உள்ளே ஒரு எக்கிட்னா குட்டி இருந்ததாம். முட்டையிட்டு, பொரிந்த குட்டிக்குப் பால் கொடுக்கும் முள்ளுடம்பு விலங்கு அது. உடம்பில் ரோமமில்லை, முதுகில் முள் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. ஒரு நாள் காத்திருந்தும் தாய் வரவில்லை. அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர்ப் பையும் வைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அவருடைய கேள்விகள் இவை: "நாய்க்குட்டிப் பால் பவுடர் கொடுக்கலாமா? எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை? என் மகள் வேலன் என்று பெயரே வைத்துவிட்டாள். ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்ப்பது?"

படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெந்நீர்ப் பையை எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எக்கிட்னாவின் உடல் வெப்பம் சுமார் 30 முதல் 32 டிகிரி, நமக்கு 37. நம் கைக்கு இதமாக இருப்பது அதற்குச் சூடு. அதற்கு வியர்க்காது, நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கவும் தெரியாது. வளர்ந்த எக்கிட்னாக்கள் மூக்கில் சளிக் குமிழி விட்டு, அது உடைந்து நனைக்கும் ஈரத்தால் குளிர்ந்துகொள்வதை 2023-ல் பெர்த்தின் கர்டின் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டார்கள். பெட்டிக்குள் அடைபட்ட குட்டிக்கு வேறு இடத்துக்கு நகரவும் வழியில்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான அறையில் வையுங்கள். தொட்டால் சில்லென்று, அசைவில்லாமல் கிடந்தால் பயந்து சூடேற்ற வேண்டாம். இந்த இனம் அப்படித்தான் சோம்பிக் கிடக்கும்.

சரி, தாய் எங்கே? அநேகமாக எங்கும் போய்விடவில்லை. எக்கிட்னா முட்டையிட்டுத் தன் வயிற்றுப் பையில் பத்து நாள் அடைகாக்கிறது. பொரிந்து வரும்போது குட்டி அரை கிராம்கூட இருக்காது. ஏறக்குறைய ஐம்பது நாள் பையிலேயே பால் குடித்து, முள் முளைத்துக் குத்த ஆரம்பித்ததும், தாய் அதை ஒரு வளையில் விட்டு, வாசலை மண்ணால் அடைத்துவிட்டு இரை தேடப் போய்விடும். திரும்பி வருவது மூன்று முதல் ஆறு நாளைக்கு ஒரு தடவைதான். நீங்கள் திறந்தது ஒரு தொட்டிலை. ஒரு நாள் காத்திருந்து தாயைக் காணோம் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை.

அதனால் முதல் வேலை, ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்கு நலச் சங்கத்தை அல்லது உங்கள் பகுதி வனவிலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிட்டு, எடுத்த இடத்தைத் துல்லியமாகச் சொல்வது. குட்டிக்குக் காயமில்லை, வளையும் சிதையவில்லை என்றால் பெரும்பாலும் திரும்ப அங்கேயே வைக்கச் சொல்வார்கள். வைத்து, அதே மரப்பட்டையால் மூடி, வாசலில் நாலு மெல்லிய குச்சிகளைக் குறுக்கே நட்டுவையுங்கள். குச்சி சாய்ந்திருந்தால் ஏதோ வந்து போயிருக்கிறது. குட்டியின் வயிறு பந்து மாதிரி உப்பியிருந்தால் வந்தது தாய்தான். நாயைக் கட்டிப் போடுங்கள்.

தாய் உண்மையிலேயே காரில் அடிபட்டோ நாய் கடித்தோ செத்திருந்தால்? அப்போதும் வளர்ப்பது உங்கள் வேலையல்ல. ஆஸ்திரேலியாவில் இதற்கு அனுமதி வேண்டும். ஆனால் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள் என்பதால், அனுமதி பெற்றவர்கள் படும் பாட்டைச் சொல்கிறேன்.

பால்தான் முதல் தலைவலி. எக்கிட்னா பாலில் கொழுப்பு மட்டுமே சுமார் 30 சதவீதம், பசும்பாலில் நான்கு. இரும்புச்சத்து அதிகம் என்பதால் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். லாக்டோஸோ மிகக் குறைவு. பசும்பாலும் நாய்க்குட்டிப் பவுடரும் வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும். வொம்பரூ என்ற பெயரில் எக்கிட்னாவுக்கென்றே பால் பவுடர் விற்கிறது. வளர்ப்பவர்கள் அதைத்தான் கலக்குகிறார்கள்.

அடுத்து, அதை எப்படிக் கொடுப்பது? தாய்க்குக் காம்பே கிடையாது. தோலில் இரண்டு இடத்தில் பால் கசியும், குட்டி அங்கே மூக்கை முட்டி உறிஞ்சும். புட்டியின் ரப்பரை அந்தச் சின்ன அலகு கவ்வாது. ஊசிக்குழாயால் பீச்சினால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். ஆகவே உள்ளங்கைதான் தட்டு. கையைக் குழித்து, வெதுவெதுப்புக்கும் குறைவான சூட்டில் கொஞ்சம் பாலை ஊற்றினால், குட்டி வந்து அலகால் முட்டி, தோலைக் குடைந்து, பெருமூச்சு விட்டபடி உறிஞ்சும். நடுவில் அப்படியே தூங்கிப் போகும். எழுந்து மறுபடி முட்டும். அரை மணி நேரத்தில் உங்கள் முழங்கை மரத்துவிடும், அது பாதிகூடக் குடித்திருக்காது. முடிந்ததும் ஈரத்துணியால் மூக்கு, கழுத்து மடிப்பெல்லாம் துடைக்க வேண்டும். காய்ந்த பால் இருந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். 2012-ல் சிட்னி தரோங்கா மிருகக்காட்சிசாலையில் 'போ' என்ற குட்டியை இப்படித்தான் கையில் ஏந்தி வளர்த்தார்கள். அது இன்னும் தாயின் பைக்குள் இருந்திருக்க வேண்டிய வயதில் வந்து சேர்ந்த குட்டி.

எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று கேட்டிருந்தீர்கள். மணிக்கணக்கே கிடையாது. வளைக்குட்டி ஒரே மூச்சில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குடித்துவிட்டு நாள்கணக்கில் தூங்கும். நம் வீட்டுக் குழந்தை மாதிரி அடிக்கடி ஊட்டினால் செரிக்காமல் உப்பிக்கொள்ளும். எடை பார்ப்பதிலும் இதே குழப்பம்தான். குடித்ததும் தராசு முள் ஏறும், அடுத்த இரண்டு நாளில் இறங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பதறி இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். பால் கொடுப்பதற்கு முன் எடுத்த எடையை மட்டும் வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டால் போதும்.

ரோமமில்லாத தோல் காய்ந்து வெடிக்காமலிருக்க ஈர மண் போட்ட, சுவர் வழவழப்பான தொட்டி வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் ஏறி ஓடிவிடும். அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆறு, ஏழு மாதத்தில் பால் மறக்கும்போது கறையான் தேடும் படலம் தொடங்கும். தெருவில் மற்றவர்கள் கறையானை ஒழிக்கக் காசு கொடுத்துக்கொண்டிருக்க, குட்டி வளர்ப்பவர்கள் "உங்கள் வீட்டில் கறையான் அரித்த கட்டை இருக்கிறதா?" என்று கதவைத் தட்டுவார்கள். அதை உடைத்து மண்ணோடு போட்டால்தான் தானே தோண்டித் தின்னப் பழகும்.

எக்கிட்னா போலவே முட்டையிட்டுப் பால் கொடுக்கும், வாத்து அலகுள்ள பிளாட்டிபஸ் என்றால் கதை இன்னும் கடினம். அதன் குட்டி ஆற்றங்கரை வளைக்குள்ளேயே மூன்று, நான்கு மாதம் இருக்கும். தாயே கூட இருந்தும், 1943-ல் ஹீல்ஸ்வில் விலங்குச் சரணாலயத்தில் இயற்கையியலாளர் டேவிட் ஃப்ளே முதல்முறையாக அடைப்பில் இனப்பெருக்கம் செய்யவைத்த பிறகு, அங்கே அடுத்த குட்டிகள் பிறக்க 1999 வரை ஆனது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பார்த்துச் சொல்ல முடியாது. ஆணின் விரைகள் உடம்புக்குள்ளேயே இருக்கும். பின்னங்கால் முள்ளை வைத்துச் சொல்லலாம் என்றால், சின்ன வயதில் அது பெண்ணுக்கும் இருக்கும். உங்கள் வேலன் வள்ளியாகவும் இருக்கலாம்.