தெருப் பெயர் சரிபார்ப்புக் கருவி தப்பாகக் காட்டினால் யாரிடம், எப்படிச் சொல்வது?

கேள்வி: யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ள தெருப் பெயர்களை அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் இணையக் கருவியைப் பயன்படுத்துகிறேன். நான் கவனித்துவரும் பகுதியில் மட்டும் 40 தெருக்களுக்குச் சிவப்புக் குறி போட்டிருக்கிறது. பாதிக்கு மேல், பலகையில் இருக்கும் பெயர்தான் வரைபடத்திலும் இருக்கிறது. சிலவற்றில் இரண்டு பெயருக்கும் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. கருவியின் பின்னூட்டப் பெட்டியில் இரண்டு முறை எழுதியும் ஒன்றும் மாறவில்லை. பட்டியலில் உள்ளபடியே பெயர்களை மாற்றிவிட்டால் சிவப்பு போய்விடும். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முதல் சாட்சி தெருவில் நிற்கும் பலகை. அதைப் பார்த்துச் சரியாக எழுதிய பெயரைக் கருவிக்காக மாற்றினால், பட்டியலில் இருந்த பிழை வரைபடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து வருகிறவருக்கு இரண்டும் ஒத்துப்போவதாகத் தெரியும். பிறகு யாரும் அதைத் தேடிப் பார்க்க மாட்டார்கள். சிவப்புக் குறிக்குப் பொருள் 'வரைபடம் தப்பு' என்பதல்ல, 'இரண்டு எழுத்துத்தொடரும் ஒன்றாக இல்லை' என்பது மட்டுமே.

பிழை இருக்கக்கூடிய இடம் மூன்று: வரைபடம், பட்டியல், இரண்டையும் ஒப்பிடும் நிரல். மூன்றையும் பார்த்துக்கொள்பவர்கள் வேறு வேறு ஆட்கள். பெரும்பாலான பின்னூட்டம் வீணாவது இங்கேதான். பட்டியலில் உள்ள எழுத்துப் பிழையைக் கருவி எழுதியவரிடம் சொன்னால் அவரால் திருத்த முடியாது, ஏனென்றால் பட்டியல் அவருடையதல்ல. வரைபடத்தில் உள்ள பிழையும் அவர் வேலை அல்ல; அதை நீங்களே திருத்தலாம். ஒப்பிடும் முறையில் உள்ள குறை ஒன்றுதான் அவருக்குரியது. ஆகவே 40 குறிகளையும் ஒரே குவியலாகப் பார்க்காமல் முதலில் பிரித்துவிடுங்கள்.

பிரிக்கும் முன் தேதியைப் பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் மாற்றங்களை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. முழுத் தரவுக்கோப்பு வாரம் ஒருமுறை வருகிறது. கருவி எதை எடுத்துக்கொள்கிறது, எப்போது ஓடுகிறது என்பது அதன் விருப்பம். பக்கத்தின் மேலோ அடியிலோ தரவின் தேதி போட்டிருப்பார்கள். தெருவின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து கடைசித் திருத்தம் எப்போது நடந்தது என்று பாருங்கள். திருத்தம் புதியது, கருவியின் தரவு பழையது என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பட்டியலுக்கும் இதே கணக்குதான். பழைய பதிப்பை ஏற்றி வைத்திருக்கும் கருவி, பட்டியலில் எப்போதோ திருத்தப்பட்ட பெயரையும் சிவப்பாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது 'கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை' என்று நீங்கள் சொன்ன பெயர்கள். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும், காரணம் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது. 'ஔவையார் தெரு', 'ஒளவையார் தெரு' இரண்டையும் பாருங்கள். முதலாவதில் ஔ என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒ, அதற்குப் பக்கத்தில் ள. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். உயிர்மெய்யிலும் இப்படித்தான்: 'கௌரி', 'கெளரி'. சோதிக்க எளிய வழி உண்டு. அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். ஔ என்றால் முழுதாகப் போய்விடும். ஒ மட்டும் மிஞ்சினால் அது ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியது. பார்த்தபின் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

'ஸ்ரீ'யிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஸ-வைக் கொண்டு தட்டுவது ஒன்று, ஶ-வைக் கொண்டு தட்டுவது இன்னொன்று. ஶ என்ற எழுத்து யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல், 4.1 பதிப்பில்தான். அதற்கு முன்பிருந்தே ஸ-வை வைத்து எழுதிய பழக்கம் இன்றும் தொடர்கிறது. சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். இவை தவிர நெருக்கமாக ஒட்டிக்கொண்ட இரட்டை இடைவெளி, வேறு ஆவணத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் பிரியா இடைவெளி, அகலமே இல்லாத இணைப்பான் குறி, கொ போன்ற எழுத்தை ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும் எழுதுவது என்று இன்னும் சில உண்டு.

இதில் யார் திருத்த வேண்டும்? வரைபடத்தில் ஒ-வும் ள-வும் சேர்ந்து கிடந்தால் அது உண்மையான பிழை. நீங்களே ஔ என்று மாற்றுங்கள். தேடுகிறவர் 'ஔவை' என்று தட்டினால் அந்தத் தெரு கிடைக்க வேண்டுமல்லவா. பட்டியலில் அப்படி இருந்தால் கருவி எழுதியவருக்குச் சொல்லுங்கள். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி நிரலை மாற்றுவது அவரால் முடியும். சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். யூனிகோடின் வழக்கமான இயல்பாக்கம் கொ-வின் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கிவிடும், ஒ-ள விஷயத்தைத் தொடாது. அதற்குத் தனி விதி வேண்டும். அந்த விதியை 'ஒள வரும் இடத்திலெல்லாம் ஔ' என்று கண்மூடித்தனமாக எழுதினால் 'ஒளி நகர்' கெட்டுப்போகும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை அவசியம்.

மீதி இருப்பவை கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள். பலகையில் 'குளக்கரை தெரு', பட்டியலில் 'குளக்கரைத் தெரு' என்றால் வெறும் ஒற்று வித்தியாசம். வரைபடத்தில் ஒரு தெருவின் விவரங்களை எழுதிவைக்கும் குறிச்சொல்லை டேக் என்பார்கள். பெயருக்கான நேம் (name) டேகில் பலகையில் உள்ளதை வையுங்கள். மற்ற வடிவம் புழக்கத்தில் இருந்தால் ஆல்ட் நேம் (alt_name) டேகில் சேருங்கள். ஒற்றைக் கவனிக்காமல் ஒப்பிட முடியுமா என்று கருவிக்காரரிடம் கேட்பது நியாயமான பின்னூட்டம். சுருக்கங்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மரபு தெளிவானது: பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். பலகையில் இடமில்லாமல் 'டாக்.' என்று எழுதியிருந்தாலும் வரைபடத்தில் 'டாக்டர்' என்றே வர வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் பலகையை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டியதில்லை.

எண் உள்ள தெருக்களில் எச்சரிக்கை தேவை. பல கருவிகள் இரண்டு பெயருக்கு இடையே எத்தனை எழுத்து மாற வேண்டும் என்று எண்ணி, ஒன்றிரண்டு என்றால் எழுத்துப் பிழை என்று முடிவு கட்டும். '3-வது குறுக்குத் தெரு'வுக்கும் '4-வது குறுக்குத் தெரு'வுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அவை இரண்டு தெருக்கள். 'இந்தப் பெயராக இருக்கலாம்' என்று கருவி நீட்டும் பரிந்துரையை அப்படியே ஏற்றால் ஒரு தெரு வரைபடத்திலிருந்தே காணாமல் போய்விடும். எழுத்தில் நெகிழ்வு, எண்ணில் கண்டிப்பு: இதையும் கருவிக்காரரிடம் கேளுங்கள்.

ஒரே தெருவின் நடுவில் ஒரு துண்டு மட்டும் சிவப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது வரைபடத்தைத்தான். பாலம், ஒருவழிப் பாதை, வேக வரம்பு மாறும் இடங்களில் தெரு தனித்தனித் துண்டாக வெட்டப்பட்டிருக்கும். பெயரைத் திருத்தியவர் ஒரு துண்டை விட்டிருப்பார். வரைபடத்தைத் திருத்தப் பயன்படும் ஜோசம் (JOSM) எடிட்டரின் சரிபார்ப்பில் ஒத்த பெயருள்ள சாலைகளைச் சுட்டும் சோதனை உண்டு; இப்படி விடுபட்டவை அதில் சிக்கும். பெயரைத் திருத்தினால் அந்தத் தெருவிலுள்ள வீடுகளின் முகவரி டேகில் இருக்கும் தெருப் பெயரையும் கூடவே மாற்றுங்கள். தெருவுக்குப் புதுப் பெயர், வீடுகளுக்குப் பழைய பெயர் என்று விட்டுவிட்டால் ஒரு சிவப்பு போய் இருபது வரும்.

பட்டியல்தான் தப்பு என்று உறுதியானால் அதற்கென்றே ஒரு டேக் இருக்கிறது: நாட் நேம் (not:name). 'இந்தத் தெருவுக்கு இந்தப் பெயர் அல்ல' என்று பட்டியலின் பிழையான வடிவத்தை அதில் எழுதலாம். பிரிட்டனில் அரசு நில அளவை நிறுவனத்தின் தெருப் பட்டியலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போடு ஒப்பிட்டபோது இது பரவலாகப் பயன்பட்டது. உங்கள் கருவி இந்த டேகைப் படிக்கிறதா என்று அதன் உதவிப் பக்கத்தில் பாருங்கள். படித்தால் அடுத்த ஓட்டத்தில் சிவப்பு தானாக மறையும். படிக்காவிட்டாலும் டேகைப் போடுவதில் நஷ்டமில்லை. பின்னால் வருகிறவர் பட்டியலைப் பார்த்துச் சரியான பெயரைக் கெடுக்காமல் அது தடுக்கும். பெயரே இல்லாத தெருவுக்கு நோநேம் (noname) என்ற டேகில் 'yes' என்று குறிக்க வேண்டும். நேம் டேகிலேயே 'பெயர் இல்லை' என்று எழுதிவிட்டால் அதுவே தெருவின் பெயராகி, வழிகாட்டும் செயலி அதை உரக்கப் படிக்கும்.

பிழையல்ல என்று குறிக்கும் பொத்தான் கருவியில் இருந்தால் அதை அளந்து பயன்படுத்துங்கள். வரைபடப் பிழைகளைப் பட்டியலிடும் ஆஸ்மோஸ் போன்ற கருவிகளில் அப்படிக் குறித்த பிழை உங்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தில் அதை அழுத்தக் கூடாது.

இனி, பின்னூட்டத்தை எழுதும் விதம். 'என் பகுதியில் நிறையத் தப்பு, உடனே சரிசெய்யவும்' என்று எழுதினால் படிப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள் (பொருள் எண் என்பது வரைபடத்தில் ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் உள்ள அடையாள எண்):

'தெருவின் பொருள் எண் இது, இணைப்பு இது. வரைபடத்தில்: குளக்கரை தெரு. உங்கள் பட்டியலில்: குளக்கரைத் தெரு. பலகையில்: குளக்கரை தெரு, இந்தத் தேதியில் எடுத்த படம் இணைப்பில். கருவி காட்டுவது: பெயர் பொருந்தவில்லை. எதிர்பார்ப்பது: ஒற்று வித்தியாசத்தைப் பொருத்தமாகக் கொள்ள வேண்டும். கருவிப் பக்கத்தில் உள்ள தரவுத் தேதி இது. இதே வகையில் இன்னும் இரண்டு தெருக்கள், எண்கள் கீழே.'

பெயர்களை மறுபடி தட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டினால், கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்து வித்தியாசம் உங்கள் விசைப்பலகையிலேயே சரியாகிவிடும், கருவிக்காரர் பார்க்கும்போது பிழை இருக்காது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புவதும் இதே காரணத்தால் போதாது. பொருள் எண் கிடைக்காவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இடங்கள் வரை கொடுங்கள். அது ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம், தெருவை அடையாளம் காணத் தாராளம். ஒரு வகைப் பிழைக்கு ஒரு பின்னூட்டம், அதில் இரண்டு மூன்று உதாரணம் போதும். ஒற்று, எண், பழைய தரவு மூன்றையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஒன்று மட்டும் சரியாகி, மற்ற இரண்டும் 'முடிந்தது' என்ற முத்திரையோடு மூடப்படும்.

நிரலையும் அதன் குறைப் பதிவுகளையும் வைக்கும் கிட்ஹப் தளத்தில் கருவிக்குப் பக்கம் இருந்தால் பின்னூட்டப் பெட்டியைவிட அதுவே மேல். முதலில் பழைய பதிவுகளைத் தேடுங்கள். இதே குறையை யாராவது எழுதியிருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதன் கீழே உங்கள் உதாரணத்தைச் சேருங்கள். வேறு எழுத்துமுறையில் அதே சிக்கல் வருகிறது என்று தெரிந்தால் நிரலாளர் அதைப் பொது விதியாக்கப் பார்ப்பார். இத்தகைய கருவிகளில் பல, தன்னார்வலர் ஒருவர் ஓய்வு நேரத்தில் நடத்துபவை. பதில் வராதது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வாரம் பொறுத்து, அதே பதிவில், குறை இன்னும் இருக்கிறதா என்று சரிபார்த்து ஒரு வரி சேருங்கள்.

பட்டியல் பிழைகள் போக வேண்டிய இடம் அதை வெளியிடும் அலுவலகம். பலகையின் படம், பட்டியல் வரிசை எண், சரியான பெயர் இந்த மூன்றும் அவர்களுக்குப் போதும். வரைபட டேக் பற்றியெல்லாம் அங்கே பேச வேண்டியதில்லை. படத்தில் ஆட்களின் முகமும் வண்டி எண்ணும் இல்லாமல் பலகை மட்டும் தெரியும்படி வெட்டிவிடுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடியாத தெருக்களுக்கு மேப்பில்லரியின் தெருப் படங்களைப் பார்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் பயன்படுத்த அவற்றுக்கு அனுமதி உண்டு. கூகுள் மேப்ஸிலோ அதன் தெருக்காட்சியிலோ பார்த்துப் பெயர் எடுக்காதீர்கள், உரிமம் இடம் தராது. அங்கும் கிடைக்காத தெருவுக்கு வரைபடத்திலேயே ஒரு நோட் போட்டு, 'பலகையில் இருப்பது இதுவா அதுவா, பார்த்தவர் சொல்லவும்' என்று இரண்டு வடிவத்தையும் எழுதி வையுங்கள். நோட் போடக் கணக்குக்கூடத் தேவையில்லை. ஆனால் கணக்கோடு போட்டால்தான் யாராவது பதில் எழுதும்போது உங்களுக்கு மின்னஞ்சல் வரும்.