கல்விழுதில் கை வைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

பூஜை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மாவுடன் ஆந்திராவுக்குப் போய்ச் சுண்ணாம்புக் குகை பார்க்கலாம் என்றிருக்கிறோம். பெலும் நல்லதா, போரா நல்லதா? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. என்னென்ன எடுத்துப் போகவேண்டும்? பெரியவன் 7-ஆம் வகுப்பு. பள்ளி புராஜெக்டுக்குக் குகைக் கல்லில் ஒரு சின்னத் துண்டு, கீழே கிடப்பதோ, லேசாகத் தட்டினால் உடைவதோ, எடுத்து வரலாமா? பெலுமில் ஓரிடத்தில் கல்லைத் தட்டினால் இசை வருமாமே, பிள்ளைகள் அதற்காகவே துடிக்கிறார்கள். நம் கடலூரில் ஏன் இப்படிக் குகை இல்லை?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

மூட்டுவலிக்கார அம்மாவையும் விட்டுவிடாமல் குடும்பத்தோடு குகை பார்க்கக் கிளம்புகிறீர்கள். மனசு நிறைந்துபோனது. ஆனால் ‘லேசாகத் தட்டினால் உடைவதோ’ என்ற இடத்தில் கோபமும் வந்தது. ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும், கல்விழுதை, அதாவது குகைக் கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் தொங்கும் சுண்ணாம்புக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுத்த குடும்பப் படங்கள் கண்ணில் படுகின்றன. அதைப்பற்றி எழுத நினைத்திருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

கடலூரில் ஏன் இல்லை என்றால், மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குடைவதால்தான் இப்படிக் குகை உண்டாகிறது. நம் கேப்பர் மலையைப் பாருங்கள். கடலூர் மணற்கல் என்றே அதற்குப் பெயர். மணல் என்பது சிலிக்கா, மழைநீரில் இருக்கும் மெல்லிய அமிலத்துக்குக் கரையாது. மழை அதை மேலே அரித்து ஓடை வெட்டுமே தவிர உள்ளே குடையாது.

பெலுமா போராவா? அம்மா வருவதால் பெலும். தாடிபத்ரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள், அதில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான் நமக்குத் திறந்திருக்கிறது. படியிறங்கிவிட்டால் பெரும்பாலும் நடைதான், சில இடங்களில் குனிய வேண்டும். குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே செலுத்துகிறார்கள், அப்படியும் புழுங்கும். பருத்தித் துணி, பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். போன தூரத்தைத் திரும்பவும் நடந்து படியேற வேண்டும், ஆகவே பாதித் தெம்பு இருக்கும்போதே அம்மாவைத் திருப்பி அழைத்து வந்துவிடுங்கள். ஆளுக்கொரு டார்ச் வேண்டும், தலையில் மாட்டுவதானால் இன்னும் நல்லது. செல்போன் வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழுக்கும் இடத்தில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே தேங்கியிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி குகைக் கூரைக்கு வருகிறது. குகைக் காற்றில் கரியமில வாயு குறைவு. சோடா மூடியைத் திறந்ததுபோல் நீரிலிருக்கும் வாயு வெளியேறுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு கூரையில் படிகிறது. நீர் ஆவியாவதால்தான் படிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல, வாயு வெளியேறுவதுதான்.

கல்விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வளரும். உங்கள் பையனின் விரல் நீளம், 7 சென்டிமீட்டர் என்று வையுங்கள், ஏறத்தாழ 700 ஆண்டு. அதை அவன் நோட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டி, மார்ச் மாதம் பழைய பேப்பர்காரரிடம் போடப்போகிறான். இதற்கா அனுமதி கேட்டீர்கள்? கீழே கிடப்பதையும் எடுக்கக்கூடாது. அதன்மேல் சொட்டு விழுந்துகொண்டிருந்தால் அதுவே தரையிலிருந்து மேலே வளரும் கல்முளைக்கு அடியாகும்.

உடைக்காமல் தொட்டால் என்ன என்பீர்கள். புதிதாக உருவாகும் விழுது உறிஞ்சுகுழல் மாதிரி உள்ளே பொள்ளலாக இருக்கும். அகலம் ஒரு சொட்டு நீர் அளவு, சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நுனியில் விரல் பட்டாலே முறியும். தடித்த விழுது முறியாது, ஆனால் கையின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டிக்கொள்கிறது. பிசுக்குப் பட்ட இடத்தில் நீர் சரியாகப் பரவாது, சுண்ணாம்பும் படியாது, அழுக்குதான் சேரும். ஆட்கள் போய்வரும் பல குகைகளில் கைக்கெட்டும் உயரம் வரை கறுத்தும், அதற்கு மேலே வெளுத்தும் இருப்பதைப் பார்க்கலாம். இசைக் கல்லும் அப்படித்தான். அந்த ஓசை வருவதே விழுது மெலிந்து தொங்குவதால். ஒருவர் தட்டினால் ஒன்றுமில்லை, நாளெல்லாம் வருகிறவர்கள் எல்லாரும் தட்டினால் கூரையோடு ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். வழிகாட்டியே தட்டச் சொன்னாலும் ‘வேண்டாங்க’ என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுங்கள்.

புராஜெக்டுக்குக் கல் வேண்டாம், இதைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பொசுக்கிவிடும். வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி மூடி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை ஆடாமல் அரை தம்ளர் எடுங்கள். சாதா சோடாவை அப்போதுதான் திறந்து ஒரு ஸ்பூன் விடுங்கள், பால்போல் வெளுக்கும். இன்னும் ஒன்றரை தம்ளர் சோடா ஊற்றிச் சில நிமிடம் விட்டால் தெளிந்துவிடும். பாறை கரைவது இதுதான். பிறகு அதைப் பாத்திரத்தில் சுடவையுங்கள், வாயு போனதும் மறுபடி வெளுக்கும். கல்விழுது உண்டாவது இதுதான். குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளுக்கவே இல்லை என்றால் சுண்ணாம்பு திறந்து கிடந்து காற்றுப்பட்டுப் போயிருக்கும், புதிது வாங்குங்கள். வெளுத்தது தெளியவில்லை என்றால் சோடாவில் வாயு போயிருக்கும், அல்லது அடிவண்டலும் கலந்து வந்திருக்கும். ஊதித் தெளியவைக்கலாம் என்று பையன் சொல்வான். மூச்சுக்காற்றில் கரியமில வாயு நூற்றுக்கு நாலு பங்குதான், இந்த அடர்த்திக்கு அது போதாது.

அன்புடன்