மலைப் பயணத்தில் நான் படம் எடுத்து முடிக்கும் வரை துணை காத்து நிற்க வேண்டியிருக்கிறது. இருவருக்கும் பயணம் இனிக்க என்ன செய்யலாம்?

எனக்குத் திருமணமாகி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் கையில் கேமராவோடுதான் மலை ஏறியிருக்கிறேன். ஊர் மதுரை. என் வீட்டுக்காரர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். படம் எடுப்பதில் அவருக்கு நாட்டம் கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது ஒரு மலைக்கு என்னோடு வருகிறார், குளிரில் நிற்கிறார், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பதுதான் காத்திருப்பவரை வாட்டுகிறது. தெரிந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் கொழுக்குமலை. 2016 ஜனவரி. போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியில் தங்கி, விடியற்காலை நாலு மணிக்கு ஜீப் பிடித்தோம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளப் பக்கமிருந்துதான். சுமார் 7,900 அடி உயரம். எலும்பெல்லாம் குலுங்கி மேலே போய்ச் சேர்ந்தபோது கும்மிருட்டு, கூடவே ஊசி மாதிரிக் காற்று. கேமராவை நிறுத்தும் முக்காலியான ட்ரைபாடை விரித்துக்கொண்டே, "ஏங்க, அஞ்சே நிமிஷம், சூரியன் வந்ததும் கிளம்பிரலாம்" என்றேன்.

சூரியன் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கீழே தேனிப் பக்கச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம் பால் பொங்கியது போல நிறைந்திருந்தது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். வெயில் ஏறிக் கலைக்கும் வரை அந்தக் கடல் நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறும், அலை மாறும். எப்படி விட்டுவிட்டு வர முடியும்? நான் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி இருபது நிமிடம் போயிருந்தது. இவர் அதே பாறை ஓரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. இதோ கிளம்பப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் நின்றே இருந்திருக்கிறார்.

அன்று இரவு அறையில், துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து இரண்டு முழங்காலிலும் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்னே சொல்லிரு. நான் அதுக்குத் தகுந்த மாதிரி இடம் பாத்து உக்காந்துக்குவேன்" என்றார்.

அந்த வார்த்தையின் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது அடுத்த வருடம் குன்னூர் ரயில் நிலையத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் காலை 7.10 மலை ரயில். இவருக்கு ரயில் என்றால் உயிர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை தொடங்கிவிடும். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே குன்னூர் வரை ஏறும். அங்கே அதைக் கழற்றிவிட்டு ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். "அது மாட்டுறத முழுசாப் பாத்துட்டு வந்துர்றேன், பதினஞ்சு நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் ஒரு டீ வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கே எனக்கான நேரமாக இருந்தது. நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனதால்தான் அப்படி. அவருக்குக் கொழுக்குமலையில் நான் அதைக் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். விடியலிலிருந்து எட்டரை மணி வரை கேமராவுக்கு. அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணி வரை அவருக்கு. இது நான் விட்டுக்கொடுப்பது போலத் தெரியும், உண்மையில் எனக்கு இழப்பே இல்லை. வெயில் உச்சிக்குப் போனால் மலைமடிப்புகளில் நிழல் செத்துவிடும், புழுதிப் புகை ஏறி தூரம் வெளிறிவிடும். அந்த நேரத்தில் எடுக்கும் நூறு படத்தில் ஒன்றுகூடத் தேறாது. அப்போது கேமரா பைக்குள் போய்விடும். தேயிலைத் தொழிற்சாலையா, கோயிலா, தூக்கமா, அவர் இஷ்டம். மேகம் மூடிய நாளில் மட்டும் விதிவிலக்கு. சோலைக்காட்டுக்கும் அருவிக்கும் அந்த மங்கல் வெளிச்சம்தான் அழகு. அப்போது கேட்டுக்கொண்டு போவேன்.

இன்னொரு பழக்கம் மிகவும் உதவியது. மறுநாள் காலை எடுக்கப் போகும் இடத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே இருவரும் கேமரா இல்லாமல் நடந்து போய்ப் பார்த்துவிடுவோம். சூரியன் எந்தத் திசையில் எழும் என்று மொபைலிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கே நிற்பது, முன்னால் எந்தப் பாறை வர வேண்டும், பக்கத்தில் இவர் உட்காரத் திண்டோ டீக்கடையோ உண்டா, எல்லாம் முதல் நாளே முடிவு. காலையில் இருட்டில் தடவித் தடவி இடம் தேடும் அரை மணி நேரம் மிச்சம். அந்தச் சாயங்கால நடையில்தான் நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறோம். வீட்டில் பேச நேரம் கிடைக்காத விஷயமெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

லென்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் காத்திருப்போடு சேர்ந்தது. ஆரம்பத்தில் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸை மட்டும் நம்பினேன். கண் நிறைய நின்ற மலை படத்தில் ஒரு கோடாகச் சுருங்கி வந்தது. இவர் பார்த்துவிட்டு, "இது அந்த மலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. மலை மலையாக வர வேண்டுமென்றால் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. போன்ற நீள லென்ஸ் வேண்டும். அடுக்கடுக்காக நிற்கும் மலைத்தொடர்களை அது ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டும். முன்னால் கருநீலம், அதற்குப் பின் நீலம், கடைசியில் வானத்தோடு கரையும் சாம்பல். தூரம் கூடக் கூட இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால் வரும் நிறம் அது என்று இவர்தான் விளக்கினார். இப்போது இரண்டே லென்ஸ், வானத்தின் நீலத்தை ஆழமாக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் ஒரு போலரைசர் ஃபில்டர், அவ்வளவுதான். பை லேசானால் முடிவும் சீக்கிரம் வருகிறது.

போலரைசருக்கும் அவர் ஒரு வழி காட்டினார். சுட்டுவிரலைச் சூரியன் பக்கம் நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக நிமிர்த்தி, மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். கட்டைவிரல் காட்டும் திசைகளில்தான் வானம் ஆழமான நீலத்துக்குப் போகும். ஃபில்டரைத் திருகித் திருகி நான் செலவழித்த நேரமெல்லாம் அந்த ஒரு விரலில் அடங்கிவிட்டது.

காத்திருப்பவருக்கு வேலை கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். நான் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நான் கை நீட்டினால் உடம்புச் சூட்டோடு அது என் உள்ளங்கைக்கு வரும். காற்று அடிக்கும்போது ட்ரைபாடுக்குக் காற்று வரும் பக்கமாகப் போய் நின்று சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். சால்வை முனை படபடவென்று அடித்துக்கொள்ளும், அதன் மறைவில் ட்ரைபாட் அசையாது. "இப்ப எடு" என்று மட்டும் சொல்வார். விளிம்புப் பக்கம் நான் கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடியே நகர்ந்தால், "ரெண்டு அடி பின்னாடி வா" என்று குரல் வரும். கண் கேமராவில் இருக்கும்போது கால் எங்கே இருக்கிறதென்று உடம்புக்குத் தெரியாது. தனியாக மலை விளிம்பில் படம் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

என் மிகச் சிறந்த படமும் அவர் பார்த்ததுதான். மறுபடி கொழுக்குமலை போனபோது "ஒண்ணரை மணி நேரம்" என்று சொல்லியிருந்தேன். அவர் காற்றுக்கு மறைவாக ஒரு பாறை பார்த்து, ஃப்ளாஸ்க்கோடு மேற்கே பார்த்து உட்கார்ந்துவிட்டார். நானோ கிழக்கையே பார்த்து நிற்கிறேன். திடீரென்று, "பின்னாடி திரும்பிப் பாரு" என்றார். முதல் வெயில் பட்டு எதிர்ச் சரிவு முழுக்கத் தாமிரப் பாத்திரம் துலக்கி வைத்தது போல ஜொலித்தது. மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. எல்லோரும் சூரியனை எடுத்துக்கொண்டிருந்தார்கள், என்னிடம் மட்டும் அந்தச் சரிவு இருக்கிறது. படத்தின் கீழ் மூலையில் குல்லா போட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் சின்ன உருவம் அவர்தான். அந்த ஆள் அங்கே இல்லாவிட்டால் அந்த மலை எவ்வளவு பெரியது என்று படம் பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆக, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, "அஞ்சு நிமிஷம்" என்ற பொய்யை விடுவது. உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குக் கேமராவை மூடுங்கள். வானம் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்தாலும் கேட்டுவிட்டுத்தான் நீட்டிக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

நீலக்குறிஞ்சி மூணாறுப் பக்கம் 2018-இல் பூத்தது. அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் எங்களால் போக முடியவில்லை. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. இவர் 2029-இல் ஓய்வு பெறுகிறார். எத்தனை நாள் தங்க வேண்டும் என்று இப்போதே கேட்டார். பத்து நாள் என்று சொல்லியிருக்கிறேன். சரி, ஒரு மடக்கு நாற்காலி மட்டும் வாங்கிக்கலாம் என்றார்.