போலிக் கையெழுத்துக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் கணவரின் 60ஆவது பிறந்தநாளுக்காக, டர்பனில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் கையெழுத்துப் போட்ட எல்.பி. இசைத்தட்டு ஒன்றை நான்கு மாதம் முன்பு 14,500 ராண்டுக்கு வாங்கினேன். உறையில் கையெழுத்துக்குக் கீழே ‘டர்பன், 1979’ என்று எழுதியிருக்கிறது. அசல்தான் என்று ஒரு சான்றிதழும் தந்தார். என் அண்ணன் பார்த்ததுமே போலி என்றுவிட்டார். கடைக்காரரோ, ரசீதில் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று இருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். உண்மையா? — சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: உண்மை இல்லை, சகோதரி. உங்கள் பணத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதுவும் நல்ல வலுவான ஆதாரத்தோடு.

அந்த ஆதாரம் உறையிலேயே இருக்கிறது. ரோட்ரிகஸ் முதல்முறை தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது 1998 மார்ச்சில். அதற்கு முன் இங்கே பலரும் அவர் மேடையிலேயே இறந்துபோனார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், ஆஸ்கார் வாங்கிய ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 1979இல் அவர் கச்சேரிக்குப் போனது ஆஸ்திரேலியாவுக்கு. அப்படியிருக்க அந்த வருடம் டர்பனில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்? கையெழுத்து நிபுணருக்குப் பணம் செலவழிக்காமலே இதை யாருக்கும் புரியவைக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. உள்ளே இருக்கும் தட்டு அழுத்தி அழுத்தி உறையின் மேல் வட்டமாக வெள்ளைத் தேய்மானம் விழுந்திருக்கிறதல்லவா, கையெழுத்து அதைக் கடக்கும் இடத்தில் மை அந்த வெள்ளையின் மேலேயே முழுதாக, கருப்பாக உட்கார்ந்திருக்கிறது. முதலில் கையெழுத்து, பிறகு தேய்மானம் என்றால் அச்சு வண்ணத்தோடு மையும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள். உறையைத் துடைக்கவே துடைக்காதீர்கள்.

இப்போது சட்டம். அவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்பதால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும். அதன் 41ஆம் பிரிவு பொய்யான, திசைதிருப்பும் விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. பொருள் தரமானதாக இல்லையென்றால், வாங்கிய 6 மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க 56ஆம் பிரிவு வழி செய்கிறது, உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்ற வார்த்தை, போலி என்று தெரிந்தே விற்றவரை நம் பழைய பொதுச் சட்டத்தில்கூட (மரபு, தீர்ப்புகள் வழியாக வந்த சட்டம்) காப்பாற்றாது. அசல் என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதே, அதைத்தான் அவருக்கு எதிராக முதலில் நீட்ட வேண்டும்.

விற்றவர் கடைக்காரராக இல்லாமல், வீட்டில் கிடந்த ஒரு தட்டை விற்ற தனி ஆளாக இருந்திருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, பொதுச் சட்டத்தை மட்டுமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே இதைக் கவனிப்பது நல்லது.

முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுங்கள்: என்ன வாங்கினீர்கள், ஏன் போலி, எவ்வளவு பணம் வேண்டும், 14 நாள் கெடு. கையில் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். அசையவில்லை என்றால் ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வக்கீல் வாதாட அனுமதியே இல்லை, நீங்களே பேசலாம். கடிதத்தில் ‘பணம் தராவிட்டால் போலீஸில் சொல்வேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது மிரட்டல் என்று உங்கள் மேலேயே திரும்பும். மோசடிப் புகார் கொடுக்க நினைத்தால் அதைத் தனியாகக் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் அவர் பெயரைப் போட்டுத் திட்டுவதும் வேண்டாம். அப்புறம், கோபத்தில் இந்தத் தட்டை வேறு யாருக்காவது அசல் என்று விற்றுவிடாதீர்கள், போலி என்று தெரிந்த பிறகு விற்றால் குற்றம் உங்களுடையதாகிவிடும்.

அடுத்த முறை வாங்குவதானால், சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். கேட்க வேண்டியது வேறு: எங்கே, எப்போது, யார் முன்னால் போட்டது, அப்போது எடுத்த படம் இருக்கிறதா, கச்சேரி டிக்கெட் இருக்கிறதா? பீட்டில்ஸுக்காக அவர்களுடைய உதவியாளர்களே பல கையெழுத்துகளைப் போட்டுத் தந்திருக்கிறார்கள். பாப் டிலனின் புத்தகத்தை அவரே கையெழுத்திட்டது என்று சொல்லி பிரதி 599 டாலருக்குப் பதிப்பாளர் விற்றார், இயந்திரம் போட்ட கையெழுத்து என்று 2022 நவம்பரில் வெளிவந்ததும் பணத்தைத் திருப்பித் தந்தார், டிலனும் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி. முடிந்தால் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி வழியாக மறுக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். நேரடி வங்கி மாற்றமாக அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம்.

வாங்கும் முன் கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘ரோட்ரிகஸ் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்’ என்று அவர் சொன்ன செய்தி அதில்தானே இருக்கிறது? இன்றைக்கே முழு உரையாடலையும் தேதி தெரியும்படி படம் எடுத்து உங்கள் அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், கடிதத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.