பூவரசின் அடைப்புக்குறியும் கருவேலத்தின் புதுப்பெயரும்

வணக்கம். அடையாறில் எங்கள் குடியிருப்பு மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். பூவரசுக்கு ‘தெஸ்பீசியா பாபுல்னியா (எல்.) சோல். எக்ஸ் கொர்ரேயா’ என்று கிடைத்தது. இந்த வால் தேவையா? கருவேலம் பழைய புத்தகத்தில் அக்கேசியா நிலோட்டிகா, இப்போது வச்செலியா நிலோட்டிகா. எதை எழுதுவது?
– மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

இடம் இருந்தால் வாலை வெட்டாதீர்கள், மரத்தின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. ‘எல்.’ என்பது இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். 1753இல் அவர் பூவரசைச் செம்பருத்திப் பேரினத்தில் (நெருங்கிய சிற்றினங்களின் கூட்டம், பெயரின் முதல் சொல் அதுதான்) சேர்த்து ‘ஹைபிஸ்கஸ் பாபுல்னியஸ்’ என்றார். பிறகு அது தனிப் பேரினத்துக்குப் போனது. தெஸ்பீசியா என்ற அந்தப் பெயரை யோசித்தவர் தாவரவியலாளர் சொலாண்டர் (‘சோல்.’), 1807இல் முறைப்படி அச்சில் வெளியிட்டவர் இன்னொரு தாவரவியலாளர் கொர்ரேயா. நடுவில் உள்ள ‘எக்ஸ்’ அதற்குத்தான். பேரினம் மாறினாலும் இரண்டாம் சொல் கூடவே போகும், அதை முதலில் சூட்டியவர் அடைப்புக்குறிக்குள் போவார். குறியை எடுத்துவிட்டால், லின்னேயஸே அதைத் தெஸ்பீசியாவில் வைத்ததாகிவிடும். ‘பாபுல்னியஸ்’ ‘பாபுல்னியா’ ஆனதும் பிழையல்ல. லத்தீனில் ஹைபிஸ்கஸ் ஆண்பால், தெஸ்பீசியா பெண்பால், எனவே விகுதி மாறுகிறது.

விலங்குகளுக்குச் சட்டம் வேறு. இடம் மாற்றியவர் பெயர் வராது, ஆண்டு வரும்: சிட்டுக்குருவி என்றால் ‘பாசர் டொமஸ்டிகஸ் (லின்னேயஸ், 1758)’.

கருவேலம் கொஞ்சம் வில்லங்கமான கதை. பழைய அக்கேசியா ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம் அல்ல என்று மரபணு ஆய்வில் தெரிந்ததும் அதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்தால் பெயர் எந்தப் பங்குக்கு? பேரினத்தின் மாதிரிச் சிற்றினம், அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாகக் குறித்துவைத்த சிற்றினம், இருக்கும் பக்கத்துக்கு என்பது விதி. அந்த மாதிரி நம் கருவேலமேதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் இருந்தன, அத்தனைக்கும் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் தாவரவியலாளர்களின் 2005 வியன்னா மாநாட்டில் மாதிரியையே ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்றினார்கள்; அக்கேசியா என்ற பெயர் அந்தப் பக்கம் போனது, கருவேலம் வச்செலியா ஆனது. கடும் சண்டைக்குப் பிறகு 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் அது நிலைத்தது. கணக்குப்படி சரிதான். ஆனாலும் ஆப்பிரிக்காவும் இந்தியாவும்தான் விட்டுக்கொடுத்தன.

பலகையில் வச்செலியா என்றே எழுதுங்கள். கீழே சிறிதாக ‘பழைய பெயர்: அக்கேசியா நிலோட்டிகா’ என்று போடுங்கள், மூலிகைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் லண்டன் கியூ தோட்டத்தின் இணையத் தரவுத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆகவே தமிழ்ப் பெயருக்குக் கீழே அறிவியல் பெயரை ரோமன் எழுத்திலேயே போடுங்கள். பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரியது, இரண்டாம் சொல் முழுக்கச் சின்னது. இரண்டும் சாய்வெழுத்தில் வரவேண்டும், பெயர் சூட்டியவர்களின் பெயர் நேராக. சாய்வெழுத்து முடியாதென்றால் அடிக்கோடு போதும். பலகை அடிப்பவர் பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுவார், புரூஃப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.